கவிழ்த்து வைத்த மலை

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த பேனர்தான் முதலில் கண்ணில் பட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'கூட்டு'. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில், 'உலோகக் கைவினைஞரும் வடிவமைப்பாளருமான அமரர் ராஜாக்கண்ணு நினைவாகப் பல கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சி'.

"கூட்டு இருக்குது. பொரியல் எந்த பேனர்ல போட்டிருக்காங்க அக்கா?" என்றேன்.

சம்பூர்ணம் அக்கா சிரிக்கவில்லை. மலைப்பாதை முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவரிடம் சிரிப்பை எதிர்பார்த்தது என் தப்புதான்.

வாணியம்பாடியில் 'சம்பூர்ணம் துப்பறியும் நிலையம்' என்ற பலகைக்குக் கீழே எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிக்கிறானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே எங்காவது தாலி கட்டியிருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா முதலாளி. நான் கண்ணாயிரம், உதவியாளன். அப்பா ஆசையாக வைத்த பெயர். ஆயிரம் கண் இல்லை. இருக்கிற இரண்டுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

எங்களை வரவழைத்தவர் புருஷோத்தமன். ராஜாக்கண்ணு இறந்ததும் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, அதற்குத் தானே தலைவராகி, தனக்குத் தானே மாலையும் போட்டுக்கொண்டவர். அக்காவும் அவரும் ஆலங்காயத்தில் ஒரே பள்ளிக்கூடம். அதனால் கண்காட்சி அழைப்பிதழ் போன வாரமே வந்துவிட்டது. பழைய ராஜாக்கள் ஓலைக்கு வைப்பது போல அதற்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார். சாதாரணச் சிவப்பு அரக்கு கூட இல்லை. பித்தளைத் தூள் கலந்து மினுமினுவென்று இருந்தது. அக்கா அதைக் கைப்பையில் வைத்திருந்தார், விலாசத்துக்காக.

இன்று விடிந்ததும் போன் வந்தது. கண்காட்சியின் முக்கியப் பொருளையே காணோமாம்.

சமுதாயக் கூடத்து வாசலில் புருஷோத்தமன் கைத்தறி ஜிப்பாவும் கலங்கிய முகமுமாக நின்றிருந்தார்.

"காணாமல் போனது ஒரு பொருள் அல்ல, சம்பூர்ணம். ஒரு மலை."

"எந்த மலை? வர்ற வழியில எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புத் துணிமேல் பளபளவென்று உருண்டு திரண்ட பித்தளை. "ராஜாக்கண்ணுவின் கடைசிப் படைப்பு. ஜவ்வாது மலையையே உலோகத்தில் வடித்திருக்கிறார். விரல் ரேகை படக்கூடாது என்று கையுறை போட்டுத்தான் தொடுவோம்."

எனக்கு அது கவிழ்த்து வைத்த அண்டாவாகத் தெரிந்தது. கலை தெரியாதவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லாமல் தலையை ஆட்டி வைத்தேன். அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"அண்டா தானே இது, புருஷோத்து?"

"அண்டாவின் வடிவத்தில் இருக்கும் மலை" என்று அவர் திருத்தினார். "மதியம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் இதைப் பார்க்க வருகிறார்."

"பார்க்கவா, வாங்கவா?"

"கலையை யாரும் வாங்குவதில்லை, சம்பூர்ணம். பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள்."

எங்கள் ஊரில் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

திருடி யார் என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். செந்தாமரை என்று இந்த மலைக்காரப் பெண், ராஜாக்கண்ணுவின் பட்டறையில் அவரோடு சேர்ந்து சுத்தியல் பிடித்தவள். அண்டா ஊருக்குச் சொந்தம் என்று அறக்கட்டளையோடு அவள் தகராறு செய்துகொண்டிருந்தாளாம். இப்போது அண்டாவைக் காணோம். சாப்பாட்டு நேரத்துக்குள் அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீசைக் கூப்பிடப் போகிறார்.

"அவளை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் உன் வேலை" என்றார் அக்காவிடம். மாப்பிள்ளை குடிகாரன் என்று முடிவு செய்துவிட்டு விசாரிக்கச் சொல்கிற பெண் வீட்டாரை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

செந்தாமரையைச் சாமான் அறையில் உட்கார வைத்து, வாசலில் இரண்டு தொண்டர்களை நிறுத்தியிருந்தார்கள். சுருட்டிய ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"நான் எதுக்குக்கா திருடணும்? அது எங்க ஊர் அண்டா. நம்ம வூட்டுப் பொருளை நம்மளே திருடுவோமா?"

"ஊர் அண்டான்னு இன்னா அத்தாட்சி?" என்றார் அக்கா.

"ராஜாக்கண்ணு அய்யாவே அதுல வெட்டினாருக்கா, ஊர்ப்பொதுன்னு. திருவிழாவுல ஆக்கறதுக்குன்னே செஞ்சாரு. சும்மா பார்க்கறதுக்கு செய்யற சாமானுக்கு எவனாவது உள்ள ஈயம் பூசுவானா? பூசினதே நான்தான்."

"எந்த இடத்துல வெட்டினாரு?"

"அடியில. ஆக்கித் தின்றவன் எவனும் அடியப் பார்க்க மாட்டான், கழுவறவதான் பார்ப்பா, அவளுக்குத் தெரியட்டும்னு சொன்னாரு. அந்த எழுத்துக்குக் கீழயும் இன்னாவோ வெட்டினாரு. நான் ஊதுலைகிட்ட இருந்தேன், பார்க்கல."

"இதையெல்லாம் சார்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். அண்டாவ எடுத்துட்டுப் போயி, மறுநாளு ஊரைக் கூட்டி அடியக் காட்டினாரு. மொழுமொழுன்னு இருக்குது, ஒரு எழுத்து இல்ல. அன்னையிலேர்ந்து நான் பொய்க்காரி. எங்க ஆளுங்களே என்ன ஒரு மாதிரி பார்க்கறாங்க. இப்ப திருட்டுப் பட்டமும் சேர்ந்துச்சி. ஜீப்பு வந்து எங்க வூட்டாண்ட நின்னுட்டா, அப்பறம் இவ திருடலன்னு எவன் வந்து வூடு வூடா சொல்லப் போறான்?"

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. புருஷோத்தமன் மேல் எரிச்சலாகவும் இருந்தது. அக்கா அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

கூடத்துக்குள் கண்காட்சி தயாராக இருந்தது. ராஜாக்கண்ணு ஆலங்காயத்தில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவராக ஆரம்பித்தவர். சொம்பு, குடம் என்று எது வந்தாலும் கல்யாணப் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுத்தவர், பிறகு பெரிய ஓட்டல்களுக்கு விளக்கும் கதவுப்பிடியும் வடிவமைக்கிற அளவுக்கு வளர்ந்து, மலைக்கு வந்து பட்டறை போட்டார். அவர் பாதியில் விட்டுப்போன ஒவ்வொன்றையும் ஒரு கலைஞர் 'முடித்து' வைத்திருந்தார். அழகான குத்துவிளக்குத் தண்டு ஒன்றைச் சிமென்ட் மூட்டையில் நட்டிருந்தார்கள். ஒரு கதவுப்பிடிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருந்தார்கள். குளிருமோ என்னவோ. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு சீட்டு தொங்கியது. அதில் 'கூட்டு' என்று போட்டு, பக்கத்தில் முடித்தவரின் பெயர்.

"இதுபோல அண்டாவுலயும் சீட்டு இருந்துச்சா?" என்று அக்கா கேட்டார்.

"நேற்று மாலையே நானே கட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே புருஷோத்தமன் எங்களைப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "இங்கேதான், இந்த முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தோம். காலையில் உள்ளே கொண்டுபோவதாக இருந்தது."

முக்காலி காலியாக இருந்தது. தாழ்வாரத்தில் திறப்பு விழாச் சாமான்கள் வந்து இறங்கிய வைக்கோலும் சாக்கும் கிடந்தன. அக்கா குனிந்து தரையைப் பார்த்தார், முக்காலிக்கு அடியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணாயிரம், நீ ஒரு அண்டா திருடற. அதுல ஒரு சீட்டு தொங்குது. இன்னா பண்ணுவ?"

"பிச்சி எறிஞ்சிட்டு ஓடுவேன்."

"எறிஞ்சது எங்க? சீட்டும் இல்ல, நூலும் இல்ல. எடுத்தவனுக்கு அண்டா மட்டும் இல்ல, அந்தச் சீட்டும் வேணும். போ, சீட்டைத் தேடு."

பட்டப்படிப்பு முடித்தவன் நான். குப்பைத்தொட்டியில் ஆரம்பித்தேன். டீக்கப், பூச்சரம், நேற்றைய வரவேற்புக் குழுவின் வெற்றிலைச் சக்கை எல்லாம் இருந்தன. சீட்டு இல்லை. கூடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனபோது சமையல் கொட்டகையின் வாசனை என்னைக் கடமையிலிருந்து பிடித்து இழுத்தது.

அங்கே மங்கம்மாள் ஆட்சி நடந்தது. கலசப்பாக்கத்திலிருந்து வந்து விருந்துச் சமையலை ஏற்றிருக்கிறவர். இடுப்பில் சொருகிய முந்தானையும் கையில் கரண்டியுமாக நின்றவரைப் பார்த்தால் தாசில்தாரே வணக்கம் வைப்பார். நான் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன்.

"அதுல இன்னாத்துக்கு மூக்க வுடற? அது ஊர் மக்கள் கூட்டு. உங்களுது அந்தாண்ட கீது, முந்திரி போட்டது."

"நாங்களும் மக்கள்தாங்க."

"சட்டையப் பார்த்தா விருந்தாளி மாதிரி கீற. அந்தாண்ட போ."

"இது இன்னா வாசனைங்க? தபாலாபீசுல பார்சல் ஒட்டறா மாதிரி."

"அத ஏன் கேக்கற? காலையில இத அடுப்புல ஏத்துனதும் அடியில இன்னாவோ சடசடன்னு உருகி ஊத்துச்சி. எந்தக் கடையில எடுத்த பாத்திரமோ. இப்ப நாத்தம் கொறஞ்சிடுச்சி. கூட்டுல ஏறல, தின்னு பாரு."

பாகுபாட்டுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் விதமாக, ஊர் மக்கள் கூட்டிலேயே இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பூசணிக்காயும் கடலைப்பருப்பும் அளவாக வெந்து, மேலே தேங்காய் அரைத்துவிட்டிருந்தது. முந்திரியெல்லாம் தேவையே இல்லை.

தாழ்வாரத்தில் புருஷோத்தமன் போனில் யாரிடமோ செந்தாமரை மேல் கொடுக்க வேண்டிய புகாரைச் சொல்லச் சொல்ல எழுத வைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே என் கையிலிருந்த ஒரு தொன்னையை எடுத்து, "மேற்படி பெண் நன்றி மறந்து" என்று சொல்லி ஒரு வாய், "பொது நம்பிக்கையைக் கெடுத்து" என்று சொல்லி ஒரு வாய் என்று காலி செய்தார். கடைசியில் தொன்னையை வழித்து நக்கியதையும் பார்த்தேன்.

"சீட்டு கிடைக்கல அக்கா. ஆனா ஒரு அநியாயம் கிடைச்சிது" என்றேன். "கூட்டுக் கலை, மக்கள் கலைன்னு பேனர் கட்டிட்டு, சமையல்ல விருந்தாளிக்குத் தனிக் கூட்டு, ஊர் மக்களுக்குத் தனிக் கூட்டு ஆக்க வெச்சிருக்காரு சார்."

புருஷோத்தமன் போனை மூடினார். "அபாண்டம். நான் ஒரே ஒரு கூட்டுதான் சொன்னேன்."

அக்கா எலுமிச்சம்பழத்தை முகர்வதை நிறுத்தினார்.

"புருஷோத்து, அண்டாவுல கட்டின சீட்டுல 'கூட்டு'ன்னு போட்டு, யார் பேர் எழுதின?"

"அது முழுமையான படைப்பு. எந்தக் கலைஞரும் முடிக்கத் தேவையில்லை. மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதனால் 'கூட்டு: ஊர் மக்கள்' என்று எழுதினேன்."

அக்கா கொட்டகையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். போகிற போக்கில் சாமான் அறை வாசலில் நின்ற தொண்டர்களிடம், "அந்தப் பொண்ண வுடுங்க" என்றார். அவர்கள் புருஷோத்தமனைப் பார்ப்பதற்குள் செந்தாமரையே வெளியே வந்து எங்களோடு நடந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்துக் கம்பத்தில், நூலோடு, அந்தச் சீட்டு தொங்கியது. நான் அதற்கு நேர் கீழேதான் நின்று தொன்னை வாங்கியிருந்தேன். ஆயிரம் கண்.

"தாழ்வாரத்துல எறக்கின எங்க வாடகைப் பாத்திரத்தோட பாத்திரமா இருந்துச்சி" என்றார் மங்கம்மாள், கரண்டியை இறக்காமலே. "சீட்டு வேற கட்டியிருக்குது, கூட்டு, ஊர் மக்கள்னு. சரி, ஊர் மக்களுக்குத் தனியா ஒரு கூட்டு ஆக்கணும்போலன்னு ஆக்கினேன். பரிமாறும்போது மாறிடக் கூடாதுன்னு சீட்டையும் எடுத்து வெச்சேன். இதுல இன்னா தப்பு?"

எனக்குத் தெரிந்து எந்தத் தப்பும் இல்லை. கவிழ்த்திருந்த மலையை நிமிர்த்தி, அதில் பூசணிக்காயைப் போட்டுத் தாளித்திருந்தார்கள்.

"காலையில பஸ்ஸ வுட்டு எறங்கினதும் கேட்டியே, பொரியல் எங்கன்னு" என்றார் அக்கா என்னிடம். "அங்கயே கேஸ முடிச்சிட்டடா நீ. உனக்குத்தான் தெரியல."

பாராட்டா திட்டா என்று புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். திருட்டே நடக்கவில்லை, செந்தாமரை தப்பித்தாள், சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தபோதுதான் புருஷோத்தமன் வாயைத் திறந்தார்.

"அடுப்புல ஏத்திட்டீங்களா? இன்னா வேலை பண்ணீங்க? எம்மா நேரமா எரியுது?"

சென்னையிலும் மேடையிலும் சேர்த்து வைத்திருந்த தமிழெல்லாம் ஒரே நொடியில் ஆலங்காயம் போய்ச் சேர்ந்தது. அவருக்கே கேட்டிருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போகட்டும். நடந்தது நடந்துவிட்டது. கூட்டை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, இதை அப்படியே சாக்கில் சுற்றி என் காரில் ஏற்றுங்கள்."

"கழுவிக் குடுத்துடறேன் சாரு" என்றார் மங்கம்மாள்.

"வேண்டாம். கரி அப்படியே இருக்கட்டும். அதுவும் ஓர் அனுபவம். நெருப்போடு உலோகம் நடத்திய உரையாடல்."

அக்கா அடுப்படியில் குந்தி உட்கார்ந்தார். "விரல் ரேகை பட்டாலே ஆகாதுன்ன. இப்ப இம்மாங்கரி பரவாயில்லையா, புருஷோத்து?"

அக்கா அடுப்புக் கல்லின் ஓரத்தில் உறைந்திருந்த ஒரு சொட்டைக் குச்சியால் நெம்பி எடுத்தார். கரித்தூளைத் துடைத்ததும் அது மினுமினுத்தது. கைப்பையைத் திறந்து அழைப்பிதழை எடுத்து, அதன் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அரக்கு, ஒரே பித்தளைத் தூள்.

"அழைப்பிதழுக்கு வெச்சது சரி" என்றார் அக்கா. "அண்டாவுக்கு அடியில எதுக்கு வெச்ச?"

கொட்டகையில் கூட்டம் சேர்ந்திருந்தது. பொய்க்காரி என்று ஒரு மாதிரி பார்த்த அதே ஊர்க்காரர்கள்தான், இலை போடக் காத்திருந்தவர்கள். கூட்டை வாளிகளுக்கு மாற்றி, அண்டாவை இறக்கி, தண்ணீர் ஊற்றி ஆற வைத்து, கவிழ்த்தார்கள். அடி முழுக்கக் கரி. மறுபடியும் மலை மாதிரிதான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செந்தாமரை யாரையும் கேட்கவில்லை. மங்கம்மாளின் சாமானிலிருந்து ஒரு கை புளியை எடுத்து, சாம்பலில் தொட்டு, தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. கரிக்கு அடியில் பித்தளை வெளுத்தது. உளி ஆழமாக இறங்கிய எழுத்துகள், அரக்கு உருகி ஓடிய பள்ளத்தில் ஒவ்வொன்றாக வந்தன.

'ஊர்ப்பொது.'

முன்னால் நின்ற ஒரு பெரியவர் அதை உரக்கப் படித்தார். பிறகு செந்தாமரையைப் பார்த்தார். "பொய்யின்னு நெனச்சிட்டோமே தாயி" என்றார். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அழுக்குக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் கரியானது. யாரும் சிரிக்கவில்லை.

"கீழ இன்னொரு வரி இருக்குது" என்றார் அக்கா.

செந்தாமரை இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். வரியின் முதல் சொல் வந்தது. 'தின்றவங்க.' அதோடு அவள் எழுந்து, கையிலிருந்த புளியைப் புருஷோத்தமனிடம் நீட்டினாள்.

"மீதிய நீங்க தேய்ங்க சார்."

"நானா? எனக்கும் இதற்கும் என்ன?"

"ஒரு தொன்னை முழுக்கத் தின்னீங்க சார்" என்றேன் நான். "நானே சாட்சி. நக்கினதையும் பார்த்தேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஊர் மொத்தமும் இலைக்கு உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. மங்கம்மாள் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தார். புருஷோத்தமன் கைத்தறி ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக் குந்தினார். தேய்க்கத் தேய்க்க, ராஜாக்கண்ணுவின் கடைசிச் சொற்கள் அவர் கையாலேயே வெளியே வந்தன.

'தின்றவங்க கழுவி வைங்க.'

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி, கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகைப் பக்கம் நடந்து வந்து என்னிடம் கேட்டார்.

"சென்னையிலிருந்து வருகிறேன். ராஜாக்கண்ணு செய்த மலை எங்கே இருக்கிறது?"

"உக்காருங்க சார், சாப்பிடலாம்" என்றேன். "கழுவிக்கிட்டிருக்காங்க."